ஜரிகைத் தராசில் எச்சில்

காலை ஆறு மணி பத்து நிமிடம். நான் முதலில் பார்த்தது ஒரு காலித் தண்ணீர்க் கேன். மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு தாங்கியின் மேல் அதைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு சொட்டு இல்லை. அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் ‘தாகம் எடுத்தால் மட்டும் தண்ணீர்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. தாகம் எடுத்தவர் கீழே இறங்கி எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று அதில் இல்லை.

ஆரணியிலிருந்து சேவூர் போகும் சாலையில், ஒரு பட்டுக் கடைக்கு மேலிருந்த மாடி அது. வெளியே ‘அக்குபங்சர்’ என்று பலகை. பலகையில் ஒரு முதுகு, அந்த முதுகு முழுக்க ஊசிகள். உள்ளே ஒரு ஊசிகூடக் கிடையாது. அந்த வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பார், பிறகு கையிலோ காலிலோ ஓர் இடத்தில் தன் விரலை வைப்பார், எடுப்பார். ஐந்து எண்ணுவதற்குள் சிகிச்சை முடிந்துவிடும்.

“ஊசி எங்கீங்க?” என்று முதல் நாளே கேட்டேன்.

“ஊசி எதுக்கு சார்? அதெல்லாம் சீனாக்காரனுக்கு. நம்மாளுக்கு விரலே போதும்.”

“அப்ப போர்டுல போட்டிருக்கீங்களே?”

“ஜனங்களுக்குப் புரியணும் இல்ல?”

அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. இரண்டாம் முறை போனபோது நினைவு வந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் கழுத்தில் டையும் கையில் தோல்பையுமாக எங்கள் தெருவில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றவர். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று அப்போது சொன்னார். நானும் பயந்து ஒன்று வாங்கினேன். அது இன்னும் ஓடுகிறது. ஆகவே அவர் சொன்னதில் இயந்திரத்தைப் பற்றிய பகுதி மட்டும் உண்மை என்று என்னால் சாட்சி சொல்ல முடியும்.

நான் அங்கே போனது என் அக்காவுக்காக. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு நாக்கின் அடியில் புற்று வந்தது. அறுவை செய்தார்கள், ஆறு வாரத்துக்கும் மேல் கதிர்வீச்சு கொடுத்தார்கள். புற்று போயிற்று. கூடவே உமிழ்நீரும் போயிற்று. ஒவ்வொரு கவளச் சோற்றுக்கும் ஒரு மிடறு தண்ணீர் வேண்டும், இல்லையென்றால் சோறு தொண்டையில் மணலாக நிற்கும். பேசினால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும். அதனால் அவள் பேச்சைக் குறைத்தாள். தெருவில் அதற்குக் கொடுத்த விளக்கம், மகளுக்கு நல்ல இடம் அமைந்ததும் அக்காவுக்குத் திமிர் வந்துவிட்டது என்பது.

கதிர்வீச்சு கொடுத்த ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார். சுரப்பிகள் கருகிவிட்டன. கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். நாள் முழுக்க வாயை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எச்சில் இல்லாத வாயில் பல் சீக்கிரம் கெடும், அதற்கு ஒரு ஜெல் தினமும் தடவ வேண்டும். நேர்மையான பதில்தான். நேர்மையான பதிலுக்கு எங்கள் குடும்பத்தில் என்றைக்கும் மரியாதை இருந்ததில்லை.

அக்காவுக்குச் சோறுகூடப் பெரிய கவலை இல்லை. அவள் கவலை வேறு. நாங்கள் கத்தோலிக்கர்கள். பூசையில் அப்பம் வாங்கி உண்பதை எங்கள் பக்கத்தில் நன்மை வாங்குவது என்பார்கள். அந்த அப்பம் நாணய அளவில், காகிதம்போல மெல்லியதாக, சுத்தமாக உலர்ந்து இருக்கும். ஈரமுள்ள வாயில் தானே கரையும். அக்காவின் வாயில் அது ஒட்டிக்கொண்டது.

ஈஸ்டர் பூசையில் அது நடந்தது. வரிசையில் போய் வாங்கி, திரும்பி வந்து மண்டியிட்டு, நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறாள். அசையவில்லை. குமட்டல் வந்தது. முந்தானையால் வாயை மூடி, நகத்தால் சுரண்டி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டு வந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு, முழுக்கக் கரைந்தபின் கொய்யா மரத்தின் வேரில் ஊற்றினாள். நன்மை பல்லில் படக்கூடாது, கையில் படக்கூடாது என்று எங்களுக்குச் சின்ன வயதில் ஞானபாடம் நடத்திய உபதேசியார் சொல்லியிருந்தார். ஆண்டவரை நகத்தால் சுரண்டிய கதையை மூன்று வாரம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு பூசைக்குப் போவாள், வரிசை எழும்பும்போது எழுந்திருக்க மாட்டாள்.

எங்கள் கோவிலில் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். நன்மை வாங்காதவர் பெரிய பாவத்தில் இருக்கிறார், அல்லது யாரோடோ தீராத பகையில் இருக்கிறார் என்று அர்த்தம். மூன்றாவது காரணம் ஒன்று இருக்கக்கூடும் என்று யாரும் யோசித்ததில்லை.

ஜூனில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்தவாசிப் பக்கம். கல்யாணப் பூசையில் மணமக்கள் முதலில் நன்மை வாங்குவார்கள், அடுத்து இரண்டு வீட்டுப் பெற்றோரும். கோவில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். சம்பந்தியம்மாவுக்குக் கூர்மையான கண். நிச்சயத்தன்று ஜெபமாலை சொல்லும்போது எங்கள் வீட்டில் யார் யார் வாய் அசைக்கவில்லை என்று கணக்கெடுத்துப் போனவர். அக்காவுக்குப் புற்று வந்ததை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. தொண்டைக் கோளாறு என்று மட்டும் சொல்லியிருந்தோம்.

“பொண்ணோட அம்மா ஏந்து வரலன்னா இன்னாடா நெனப்பாங்க?” என்றாள் அக்கா. “நான் யார்கிட்டயோ சண்ட போட்டுகினு, சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணாம கெடக்கறேன்னுதான? எம் பொண்ணு அந்த ஊட்ல போய் வாழணும்டா.”

“ஒடம்பு சரியில்லன்னு சொல்லு.”

“சொன்னா இன்னா ஒடம்புன்னு கேப்பாங்க.”

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மனைவிக்கு அந்த விரல் வைத்தியர் தலைவலி நீக்கியிருந்தாராம். அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அந்தக் காலிக் கேனின் முன் நாங்கள் நின்றோம்.

அவர் அக்காவின் நாடியைப் பிடித்து, கண்ணை மூடி, திறந்தார்.

“நெறைய தண்ணி குடிக்கறீங்களாம்மா?”

“வாய் காஞ்சிகினே இருக்குங்க. குடிச்சிகினே இருக்கேன்.”

“அதான் வியாதி. தண்ணி ஊத்தி ஊத்தி சுரப்பிய சோம்பேறி ஆக்கிட்டீங்க. இனிமே தாகம் எடுத்தாத்தான் குடிக்கணும்.”

“எப்பவும் தாகமாத்தாங்க இருக்கு.”

“அது தாகம் இல்ல. அது வாயோட பழக்கம். தாகம்னா உள்ள இருந்து வரணும்.”

“உள்ளன்னா எங்க இருந்து?” என்று நான் கேட்டேன்.

“சார் பத்திரிகைல இருந்தவரு” என்று அவர் காத்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். “மூளையால கேக்கறாரு.” காத்திருந்தவர்கள் என்னை அனுதாபத்தோடு பார்த்தார்கள். அடுத்து ஜெல்லையும் நிறுத்தச் சொன்னார். மாத்திரை, ஜெல், பொடி எதுவும் உடம்புக்குள் போகக் கூடாது. பிறகு அக்காவின் இடது கால் பெருவிரலுக்கு அருகே தன் விரலை வைத்தார். எடுத்தார்.

அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. ஏன் என்று எனக்கு அன்றைக்கே புரிந்தது. பூசைக்குப் போகும் நாளில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது உபதேசியார் எங்களுக்குப் போட்ட இன்னொரு சட்டம். புற்று வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அதை மீறியதில்லை. எழுந்ததிலிருந்து பூசை முடியும்வரை காய்ந்த வாயோடு இருப்பாள். தண்ணீரை மறுப்பதில் ஒரு புண்ணியம் இருக்கிறது என்று ஐம்பது வருடமாக நம்பியவளுக்கு, அதில் வைத்தியமும் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் இனிக்காமல் என்ன செய்யும்?

நான் அவளைத் தடுக்கவில்லை. அளந்து பார்க்கலாம் என்றேன். ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிடம் ஒரு கிண்ணத்தில் துப்பச் சொல்லி எடை போட்டதைப் பார்த்திருக்கிறேன். அக்கா வீட்டிலும் தராசு உண்டு. மாமா தறி போடுகிறவர். முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுத்தான் கொடுப்பார், நெய்த சேலையை எடை போட்டுத்தான் வாங்குவார். அந்தத் தொழிலில் யாரும் யார் வாய்ச்சொல்லையும் நம்புவதில்லை, அது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். மாமாவிடம் இருந்தது ஜரிகைக்கான சின்ன மின் தராசு, கிராமில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும்.

“ஜரிகை வெக்கிற தட்டு மச்சான் இது!” என்று மாமா தராசைக் கட்டிக்கொண்டார். “இதுல எச்சிலா? மொதலாளிக்குத் தெரிஞ்சா தறியையே அவுத்துகினு போயிடுவாரு.”

“கிண்ணத்த தொடச்சிட்டுத்தான் மாமா வெப்பேன்.”

“அந்தாளு வெரல் வெக்கிறான், நீ தராசு வெக்கிற. ரெண்டு பேர்ல யாரு பேஜாருன்னு எனக்குத் தெரியல.”

அக்கா கிண்ணத்தை வாயருகே பிடித்துக்கொண்டு, “சிரிக்க வெக்காதீங்க, வர்றதும் வராது” என்றாள். ஐந்து நிமிடம் ஆனதும் எடை போட்டேன். கிண்ணம் போக புள்ளி நான்கு கிராம். மாமா எட்டிப் பார்த்து, “ஒரு பொட்டு ஜரிக தேறாது” என்றார்.

வாராவாரம் வியாழக்கிழமை, வைத்தியரிடமிருந்து திரும்பிய ஒரு மணி நேரம் கழித்து, அதே நாற்காலியில் உட்கார்த்தி அளந்தேன். புள்ளி நான்கு. புள்ளி நான்கு. புள்ளி மூன்று. நான்காம் வாரம் புள்ளி ஒன்பது வந்தது. எனக்கே திக்கென்றது. அக்கா எழுந்து மாதா படத்துக்கு முன் சிலுவை போட்டாள். பிறகுதான் கவனித்தேன், அந்த ஐந்து நிமிடமும் மாமா இரண்டடி தள்ளி உட்கார்ந்து மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கீறிக்கொண்டிருந்திருக்கிறார். மாங்காயை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி மறுபடி அளந்தேன். புள்ளி மூன்று. நான் நோட்டில் எழுதிய ஒன்பதை அடித்துவிட்டேன். அக்கா அந்த ஒன்பதை மட்டும் வைத்தியரிடம் சொன்னாள். அவர் அதைக் காத்திருந்தவர்களிடம் சொன்னார். அடுத்த வாரம் மாடிப்படிவரை கூட்டம்.

ஐந்தாம் வாரம் அக்காவின் உதடு இரண்டு இடத்தில் பிளந்திருந்தது. நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. சூடும் ஆகவில்லை, குளிர்ச்சியும் ஆகவில்லை, பல் கூசியது. நான் நோட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் வைத்தியரிடம் காட்டினேன். அவர் எண்களைப் பொறுமையாகப் படித்தார்.

“எடை ஒடம்புக்கு சார். நான் பாக்கறது சக்தி.”

“நாக்குல புண்ணு வந்திருக்கே?”

“கழிவு வெளியேறுது.”

நன்றாக இருந்தால் அது சிகிச்சை, மோசமானால் அது கழிவு. இருபத்தெட்டு வருடம் நாளிதழில் இருந்து மந்திரிகளையும் ஒப்பந்தக்காரர்களையும் கேள்வி கேட்டிருக்கிறேன். எல்லோரும் எங்கேயாவது ஓர் ஓட்டை விடுவார்கள். ஓட்டையே இல்லாத பேச்சை அந்த மாடியில்தான் கேட்டேன்.

மறுநாள் அக்காவைப் பழைய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அந்தப் பெண் மருத்துவர் வாயைத் திறந்து பார்த்து, “யார் தண்ணிய நிறுத்தச் சொன்னது?” என்றார். அக்கா மின்விசிறியைப் பார்த்தாள். நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

“அக்குபங்சர் தப்புன்னு நான் சொல்லலம்மா. பயிற்சி எடுத்தவங்க நெஜமா ஊசி வெச்சா, கதிர்வீச்சு எடுத்துக்கிட்ட சிலருக்கு வாய் கொஞ்சம் சுலபமா இருக்குன்னு சொல்றாங்க. எல்லாருக்கும் இல்ல. உறுதியாவும் சொல்ல முடியாது. வேணும்னா அப்படி ஒருத்தர்கிட்ட அனுப்பறேன். ஆனா இவர்கிட்ட ஊசியே இல்லையே?”

“வெரல் வெக்கிறாருங்க” என்றாள் அக்கா.

“தண்ணி குடிங்க” என்றார் மருத்துவர். நாக்குக்கு ஒரு மருந்து எழுதி, ஜெல்லை மறுபடியும் எழுதினார். அக்கா மருந்தைப் போட்டாள், வார நாளில் தண்ணீர் குடித்தாள். வியாழக்கிழமை மாடிக்கும் போனாள். ஊசிக்காரரிடம் போகலாம் என்றதற்கு, “ஊசியா? ஐயோ” என்று முடித்துவிட்டாள். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அப்பம் மட்டும் அண்ணத்தைவிட்டு இறங்க வழி இல்லை.

கடைசியில் எங்கள் கோவிலின் பங்குச் சாமியாரிடம் போய், கல்யாணப் பூசையில் நன்மைக்குத் தன்னை அழைக்காமல் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்வது என்று முடிவு செய்தாள். துணைக்கு நான். சாமியார் இளவயது, இந்தப் பக்கத்துக்குப் புதியவர். அக்கா ‘தோத்திரம் சாமி’ என்று தொடங்கும்போதே அழ ஆரம்பித்தாள். ஈஸ்டர், நகம், கைக்குட்டை, கொய்யா மரம் எல்லாம் வந்தது. எல்லாம் கேட்டபின் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“வரிசைல வர்றதுக்கு முந்தி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வர வேண்டியதுதானம்மா?”

“ஐயோ சாமி! நன்மை வாங்கறதுக்கு முந்தியா? உபவாசம் இன்னாத்துக்கு ஆவறது?”

“தண்ணி குடிச்சா உபவாசம் முறியாது. அந்தச் சட்டம் மாறி எத்தனையோ வருஷமாச்சு. நான் பொறக்கறதுக்கு முந்தி.” அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க பொறக்கறதுக்கும் முந்தி” என்று சேர்த்துக்கொண்டார்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு, “ஒட்டிக்கினா?” என்றாள்.

“பாதி அப்பம் தர்றேன். மெல்லுங்க. மேல ஒரு வாய் தண்ணி குடிங்க.”

“பல்லுல படலாமா சாமி?”

“பல்லு எதுக்கும்மா குடுத்தாரு?”

திரும்பி வரும்போது அக்கா என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அதே உபதேசியாரிடம் அதே பாடம் படித்தவன். இருபது வயதில் பூசைக்குப் போவதை நிறுத்தினேன். ஊரில் உள்ள எல்லாச் சட்டத்தையும் சரிபார்த்து எழுதியவன், என் வீட்டுக்குள் இருந்த அந்தச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று ஒருவரையும் கேட்டதில்லை. எச்சிலை எடை போட்டதுதான் என் புலனாய்வு.

கல்யாணத்தன்று பூசை பத்தரைக்குத் தொடங்கியது. நன்மை நேரம் வந்ததும் மாமா முதல் பெஞ்சில், எல்லோரும் பார்க்க, ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து அக்காவிடம் நீட்டினார். எதிர்ப் பெஞ்சிலிருந்து சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தார். அக்கா ஒரு வாய் குடித்தாள், வாய்க்குள் சுழற்றி விழுங்கினாள். எழுந்து போய் நாக்கை நீட்டினாள். சாமியார் ஓர் அப்பத்தை இரண்டாக ஒடித்துப் பாதியை வைத்தார். அக்கா திரும்பி வந்து மண்டியிட்டாள். தாடை இரண்டு முறை அசைந்தது, மூன்றாம் முறை அசைந்தது. பாட்டிலை எடுத்து இன்னொரு வாய் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. முந்தானை வாய்ப்பக்கம் போகவில்லை.

மதியம் பந்தியில் சம்பந்தியம்மா அக்காவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தொண்டைல ஏதோ கோளாறுன்னு சொன்னாங்களே, இப்ப தேவலாங்களா?”

நான் எதிர்வரிசையில் இருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள், உடனே இலையைப் பார்த்தாள்.

“தேவலாங்க” என்றாள். “சேவூர் ரோட்ல ஒருத்தர் இருக்காரு. வெறும் வெரல்தான் வெக்கிறாரு. மருந்து மாத்திர எதுவும் கெடையாது. அவராலதாங்க.”

மாமா என் காதருகே குனிந்து, “எழுதிக்கோ மச்சான்” என்றார்.

சம்பந்தியம்மாவுக்கு நெடுநாளாக மூட்டு வலி. அடுத்த வியாழக்கிழமை முதல் பேருந்தைப் பிடித்து வந்தவாசியிலிருந்து வந்து இறங்கினார். அக்காதான் பேருந்து நிலையத்துக்குப் போய் அந்த மாடிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.